பழையபடி

சாரி-பெல்லில் முதல் பனி விழுந்த வாரம் பெய்ஷென் குடியை விட்டான். விட்டான் என்பதைவிட, விடவைத்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

எங்களுடையது கணவாய்ச் சாலைக்காகவே உண்டான ஊர். ஒரே தெரு. இரண்டிரண்டாக முதுகு ஒட்டிய வீடுகள். தெருவின் கோடியில் வண்டிக் கொட்டகை, கான்டீன், தடுப்புக் கம்பம். கம்பத்துக்கு அப்பால் மலை. குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓடினால்தான் சாலை உண்டு. சாலை இருந்தால்தான் நிலக்கரியும் மாவும் வரும். அந்த வண்டியை ஓட்டுகிறவன் பெய்ஷென். போன குளிர்காலத்தில் நிறைகுடியில் அதை ஓரச் சுவரின்மேல் ஏற்றிவிட்டான். முன்சக்கரம் பள்ளத்தின்மேல் தொங்கிக்கொண்டிருக்க, இவன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தானாம். இரும்புக் கயிறு கட்டி இழுத்துவிட்டு எழுப்பினால், "வந்தாச்சா?" என்று கேட்டானாம். ஊர் சிரித்தது. எங்கள் சாலைப் பிரிவுத் தலைவர் மெலிஸ் சிரிக்கவில்லை. சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"சாவி வேணும்னா வியாழக்கிழமை வர்ற அந்தம்மாகிட்ட உக்காரு. நீ மட்டும் இல்ல, பொண்டாட்டி, பொண்ணு, எல்லாரும். பனி இறுகறதுக்குள்ள நீ மனுசனாகணும். இல்ல, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் கான்டீனில் சமைக்கிறவள். பெய்ஷெனின் மனைவி ஜூரா என்னோடுதான் வேலை செய்தாள். அவர்கள் இந்த ஊருக்கு வருமுன் மேய்ச்சல் மலையில், பக்கத்தில் புகை தெரிகிற தூரத்தில்கூட ஒரு வீடு இல்லாத இடத்தில், அரசாங்க ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இங்கே வந்த பிறகுதான் அவன் குடிக்கப் பழகினான் என்பார்கள். நான் வந்தபோது நன்றாகவே பழகியிருந்தான். ஆனால் அவனைப்போல ஒரு சாதுவான குடிகாரனை நான் பார்த்ததில்லை. குடித்தால் பாடுவான். பிறகு அழுவான். பூனையின் வாலை மிதித்துவிட்டால் அதனிடம் மண்டிபோட்டு மன்னிப்புக் கேட்பான். அப்புறம் எங்கே இருக்கிறானோ அங்கேயே சாய்ந்துவிடுவான். ஜூராவும் மகள் பெகாயிமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போடுவார்கள்.

ஜூராவுக்கு இடது மணிக்கட்டு கோணல். குதிரையிலிருந்து விழுந்ததாம். மாவு பிசையும்போது வலது கையால் அழுத்தி, இடது முழங்கையால் தள்ளுவாள். பொரிப்பதற்கு மாவைத் துண்டுபோடும்போது மட்டும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் வியாழக்கிழமைக்கு மறுநாள், அப்படித் துண்டுபோட்டுக்கொண்டே சொன்னாள்:

"அந்தம்மா என்னத் தனியாக் கூப்புட்டு, குடிச்சுட்டு அடிப்பாரான்னு கேக்குது அக்கா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? குடிச்சுட்டு என்னிக்கும் கைவெச்சதில்லன்னு சொன்னேன்."

"அவனா? பூனைக்கே கால்ல விழறவனாச்சே" என்று நான் சிரித்தேன். அவள் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த மாவுருண்டையை எடுத்தாள்.

அந்தம்மா என்பது அனாரா. மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்திலிருந்து, சக்கரத்தில் ஆணி பதித்த சின்னக் காரில் வருவார். மருத்துவர் இல்லை. குடிகாரர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவதற்குப் படித்தவர். ஊர் மருந்தகத்தில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அடுப்பு, நீளமேசை, பெஞ்சு. குடும்பத்துக்கு வேண்டிய வெளியாள் ஒருவரும் கூட இருப்பது நல்லது என்று அவர் சொன்னதால் ஜூரா என்னை அழைத்துக்கொண்டாள்.

நான் எதிர்பார்த்துப் போனது திட்டும் சத்தியமும். அனாரா இரண்டையும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தினம் காலையில ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காருங்க. பெய்ஷென், நீங்க, 'இன்னிக்கு நான் குடிக்கமாட்டேன்'னு சொல்லணும். நாளைக்கு, அடுத்த வருசம் எல்லாம் வேணாம். இன்னிக்கு மட்டும். ஜூரா, நீங்க, 'சரி, உங்கள நம்பறேன். பழசு எதையும் நான் பேசமாட்டேன்'னு சொல்லணும். பழச எடுத்தா சண்ட வரும், சண்ட வந்தா பாட்டில் வரும். பழச இங்க வந்து பேசிக்கலாம், வீட்டுல வேணாம்."

"அவ்வளவுதானா?" என்றான் பெய்ஷென். கை நடுங்கியதால் கிண்ணத்தைத் தொடைகளுக்கு நடுவே வைத்துப் பிடித்திருந்தான்.

"செஞ்சு பாருங்க, தெரியும் அவ்வளவுதானான்னு."

அன்றிலிருந்து தினமும் விடியலில் அந்த இரண்டு வாக்கியமும் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். முதலில் கரகரத்த ஆண்குரல். பிறகு ஜூரா. எனக்கு அடுப்புப் பற்றவைக்கிற நேரம் அது. கேட்டுக்கொண்டே சாம்பலை அள்ளுவேன். ஒரு வீடு சரியாகிக்கொண்டிருக்கிற சத்தம் என்றே நினைத்தேன்.

ஆரம்ப நாட்கள் அவனைப் பிழிந்து எடுத்தன. வியர்த்துக் கொட்டியது, வாந்தி, தூக்கமில்லை. ஆட்டெலும்பு வேகவைத்த சாறு கொடுத்தனுப்பினேன். பிறகு மெல்லத் தெளிந்தான். முகத்தை மழித்தான். முதுகு நிமிர்ந்தது. அவன் இவ்வளவு உயரம் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கூரையில் பெயர்ந்திருந்த தகரத்தைக் கேட்காமலே ஏறி அடித்துக் கொடுத்தான். "என்ன ஜூரா, புது மாப்பிள்ளை கெடச்சாச்சு போல?" என்று கொட்டகை ஆட்கள் கான்டீனில் கேலி செய்தார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

அந்த வாசலில் அவன் வந்து நிற்க ஆரம்பித்திருந்தான். குடித்த காலத்தில் ஜூரா எங்கே இருக்கிறாள் என்றே அவனுக்குத் தெரியாது. இப்போது அவள் கிளம்பும்போதும் நின்றான், நடுவிலும் வந்தான். ஒன்றும் சொல்லமாட்டான். சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவள் அடுப்புக்கு முகம் கொடுத்து நின்றபோது சத்தமில்லாமல் பின்னால் வந்து, "உப்பு போட்டியா?" என்று கேட்டான். கரண்டி கீழே விழுந்தது. யார் என்று திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே ஜூராவின் கோணல் கை தலைக்குமேல் போய்விட்டது. ஒரு கணம்தான். உடனே தலைத்துணியைச் சரிசெய்வதுபோல இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னடி இது?" என்றேன் அவன் போன பிறகு.

"அடுப்புச் சூடு அக்கா, தலை சுத்துது."

வீட்டிலும் எல்லாவற்றுக்கும் இடம் வந்துவிட்டதாம். பெகாயிம்தான் சொன்னாள். அவள் பள்ளி முடித்துவிட்டு, தலைநகர் பிஷ்கெக் போய்ச் செவிலியர் படிக்கக் காத்திருந்த பெண்.

"கெண்டி மூக்கு சுவரப் பாத்து இருக்கணும். செருப்பு ஒட்டி இருக்கணும். இல்லன்னா ஒண்ணும் சொல்லமாட்டாரு பெரியம்மா, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நாங்க போய்த் திருப்பி வெக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாரு. முன்னாடி மேசைய எட்டி ஒதச்சுட்டு அதுமேலயே தூங்குவாரு. அதுவே தேவலன்னு தோணுது."

"சீ, அப்படிச் சொல்லாத. மனுசன் எவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பியிருக்கான்."

"அதான் பெரியம்மா. திரும்பியிருக்காரு" என்றாள்.

எனக்கு அது புரியவில்லை.

அந்த வாரமே அவன் தெருக்கதவுக்கு உள்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடித்தான். குளிர்காற்றில் கதவு ஆடுகிறதாம். அவன் கைக்குத்தான் அது எட்டும்.

வியாழக்கிழமைகளில் அனாரா சந்தோஷமாகத்தான் இருந்தார். பெய்ஷென் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். நாக்கு வறளும்போது பனிக்கட்டியைக் கடிப்பதாகச் சொன்னான். ஜூராவிடம் கேட்டால், "நல்லாருக்காரு", "ஒண்ணும் குறையில்ல" என்பாள். "உங்க முகம் அப்படிச் சொல்லலையே" என்று அனாரா ஒருமுறை கேட்டார். ஜூரா பதில் சொல்லுமுன் பெய்ஷென், "அவளுக்குத் தூக்கம் பத்தல. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு என்னயே பாத்துட்டிருக்கா" என்றான். எல்லோரும் சிரித்தோம், அவள் உட்பட.

பனி கனத்தது. மெலிஸ் சாவியைக் கொடுப்பதற்கென்று கான்டீனில் விருந்து வைத்தார். ஆடு அடித்தோம். நானும் ஜூராவும் விடிந்ததிலிருந்து குடல் கழுவி, மாவுத் தாள் உருட்டி, பொரித்து எடுத்தோம். அன்றைக்கு மேசையில் மது கிடையாது என்று மெலிஸ் உத்தரவு. கொட்டகை ஆட்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தினார்கள்.

"சொல்லுப்பா பெய்ஷென், நாலு வார்த்த" என்றார் மெலிஸ்.

அவன் எழுந்தான். நிதானமாக எல்லோரையும் பார்த்தான். "இத்தன வருசம் நான் செத்த மாதிரி கெடந்தேன். என் வீட்ட நான் கவனிக்கல. பொண்டாட்டி, புள்ள, அவங்க இஷ்டத்துக்கு விட்டுட்டேன். அது என் தப்பு. இனிமே எல்லாம் பழையபடி ஆகும். என் வீடு பழையபடி ஆகும்."

கைதட்டினார்கள். மெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜூரா பொரித்த பண்டத் தட்டோடு நடுவழியில் நின்றிருந்தாள். பண்டம் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டுகொண்டிருந்தது. தட்டு சாய்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையிலிருந்தே வானம் தாழ்ந்து, காற்று அடங்கிக் கிடந்தது. எங்கள் ஊரில் அப்படி அமைதியாக இருந்தால் பெரிதாக வரப்போகிறது என்று அர்த்தம். அனாரா வந்து சேர்ந்ததும் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டார்கள்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அனாரா தேநீர் ஊற்றினார். பெய்ஷென் கோட்டுக்குள் கைவிட்டு ஒரு வோட்கா பாட்டிலை எடுத்து மேசை நடுவில், கிண்ணங்களுக்கு மத்தியில் வைத்தான்.

"மூடி பிரிக்கல. பாத்துக்குங்க" என்றான். "நிலக்கரிக் கொட்டகையில இருந்துச்சு. இது மொதத் தடவ இல்ல. எடுத்துக் கீழ ஊத்தினா மறுபடி ஒண்ணு வருது. சரியா நான் கரி அள்ளற எடத்துல, மண்வெட்டிக்குப் பக்கத்துல. யாரு வெக்கறதுன்னு இன்னிக்கு இங்க தெரிஞ்சாகணும்."

"கொட்டகை ஆளுங்க வெளையாடுவாங்க தம்பி" என்றேன்.

"எங்க வீட்டுக் கொட்டகைக்குப் பூட்டு இருக்குக்கா." அவன் மகள் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தி, அன்பாகக் கேட்டான்: "பெகாயிம், நீயா? சொல்லும்மா. அப்பா ஒண்ணும் செய்யமாட்டேன். இங்க வா. பக்கத்துல வந்து சொல்லு."

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்திருக்கப் போனாள். எழுந்தும்விட்டாள்.

"நான்தான் வெச்சேன்" என்றாள் ஜூரா.

பெகாயிம் அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீயா" என்றான் அவன். கோபமே இல்லை. "எதுக்கு?"

"நீங்க குடிக்கணும்னு."

அனாரா, "ஜூரா, கொஞ்சம் இருங்க" என்றார்.

"இருந்தது போதும்மா." ஜூரா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்துப் பேசினாள். "குடிச்சா தூங்கிடுவாரு. எனக்கு அது போதும். வாந்தி அள்ளுவேன், இழுத்துப் போடுவேன், ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். குடிகாரர வெச்சு நான் நிம்மதியா இருந்தேன். நீங்கள்லாம் சேந்து இவரத் தெளிய வெச்சுட்டீங்க."

இடது கைச் சட்டையை முழங்கைவரை ஏற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது குதிரையில்ல. இவரு ஒடச்சது. அன்னிக்கு ஒரு சொட்டு குடிக்கல. மேய்ச்சல்ல கடையா இருக்கு, குடிக்கறதுக்கு? பால் பொங்கி வழிஞ்சிருச்சு. அதுக்கு. முதுகுல இருக்கறத இங்க காட்ட முடியாது. அங்க இருந்தப்போ இவரு தண்ணியும் பாலும் தவிர ஒண்ணும் தொட்டதில்ல."

"எனக்கு ஞாபகமிருக்கு" என்றாள் பெகாயிம், நின்றபடியே. "மாவு மூட்டைக்குப் பின்னாடி இருப்பேன். நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்குவீங்க."

பெய்ஷென் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"இதெல்லாம் வெளி மனுசங்க முன்னாடி பேசற பேச்சில்ல. வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அதைக் கேட்டதும் நான் ஜூராவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். தினமும் எல்லார் வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான்.

அனாரா கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டார். "அவங்க வரமாட்டாங்க பெய்ஷென். நீங்க வெளிய இருங்க. அவங்களோட நான் தனியாப் பேசணும்."

அவன் அவரை நகர்த்திவிட்டுப் போயிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. "சரி" என்று வெளியே போனான். சற்று நேரத்தில் முற்றத்தில் கோடாலிச் சத்தம் கேட்டது. மருந்தகத்து விறகைப் பிளந்துகொண்டிருந்தான். ஒரே சீராக விழுந்தது வெட்டு.

அனாரா ஜூராவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "நான் கேட்டேனே ஜூரா, முதல் நாளே தனியாக் கூப்பிட்டு..."

"குடிச்சுட்டு அடிப்பாரான்னு கேட்டீங்க. அதுக்குப் பதில் சொன்னேன்."

"அப்புறமாவது ஒரு வார்த்த..."

"பழச எடுக்கக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான? தினம் காலையில அவரு மூஞ்சியப் பாத்து, பழசப் பேசமாட்டேன்னு சொல்றேன். சொல்லி முடிச்சதும் தலைய ஆட்டுவாரு. நல்லாச் சொன்னங்கற மாதிரி."

அனாரா பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டார். "நான் கேட்ட கேள்வியே தப்பு" என்றார். "இனி உங்க ரெண்டு பேரையும் ஒரே மேசையில உக்கார வெக்கமாட்டேன். அவரப் பாக்கறதுக்கு வேற ஆள் இருக்காங்க. நீங்களும் பொண்ணும் என்னோட வாங்க. நகரத்துல வீடு இருக்கு, இந்த மாதிரி வர்றவங்களுக்குன்னே."

"எப்படிப் போறது?" என்றாள் பெகாயிம்.

சன்னலில் வெளியே எதுவும் தெரியவில்லை. பனிப்புயல் வந்துவிட்டிருந்தது.

அன்று ஜூரா, பெகாயிம், அனாரா மூவரும் என் வீட்டில் படுத்தார்கள். நான் சொல்லியனுப்பியதும் மெலிஸ் வந்து, என் வாசற்கதவுக்கு உள்ளேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான். ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது உடைத்தால், கத்தினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

விடிந்ததும் அவன் குரல் கேட்டது. "இன்னிக்கு நான் குடிக்கமாட்டேன்."

ஜூரா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் அவன் காத்திருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் உதடு தானாக அசைந்தது. பெகாயிம் அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

பனி நின்றிருந்தது, ஆனால் கணவாய் முழுக்க அடைத்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சாலையைத் திறக்க ஒரே வண்டி, அதை ஓட்ட ஒரே ஆள். மெலிஸ் கொட்டகை முன்னால் அவனிடம் பேசினார். நாங்கள் எட்டி நின்றோம்.

"மேல வரைக்கும் திறந்து விடு. அந்தம்மாவோட கார் உன் பின்னாடி வரும்."

"கார்ல யாரு யாரு?"

"உனக்குத் தெரியும் யாருன்னு."

"நான் திறக்கலன்னா?"

மெலிஸ் எங்கள் பக்கம் கைகாட்டினார். "திறக்கலன்னா இங்கயேதான் இருப்பாங்க, எல்லாரும். நானும் அவங்க வாசல்ல இருப்பேன். ரோடு திறக்கற வரைக்கும் இருப்பேன். உங்கிட்ட வேற என்னத்தச் சொல்றது? நீ நல்ல டிரைவர்டா. அத மட்டும் எனக்குத் தெரியும்."

பெய்ஷென் எங்களைப் பார்த்தான். பிறகு குனிந்து எஞ்சினுக்கு அடியில் தீச்சுடரைப் பற்றவைத்தான். குளிரில் உறைந்த எண்ணெய் இளக வெகுநேரம் ஆயிற்று. அவன் அவசரப்படவில்லை. நாங்களும் அசையவில்லை.

மெலிஸ் சாலை மூடியிருக்கும்போது தடுப்பையும் வயர்லெஸ்ஸையும் விட்டு வரக்கூடாது என்பது விதி. ஊர்க்காரர் ஒருவராவது கூட வரவேண்டும் என்றார் அனாரா. நான் ஏறிக்கொண்டேன். உச்சிக்கு அந்தப் பக்கத்துச் சாலையை நகரத்து ஆட்கள் திறந்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து வரும் நிலக்கரி லாரியில் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

முன்னால் அவன் வண்டி. கலப்பை இரண்டு பக்கமும் வெள்ளையை எழுப்பி எறிந்தது. ஆள் உயரத்துக்குமேல் இரண்டு சுவர், நடுவில் ஒரு வண்டி அளவுக்கு வழி. அவன் வெட்டிக் கொடுக்கிற வழி மட்டும்தான் எங்களுக்கு. திரும்ப இடமில்லை. மேலே சரிவுகளில் பனி பிதுங்கி நின்றது. பெகாயிம் அதையே அண்ணாந்து பார்த்தபடி வந்தாள். ஜூரா அவன் வண்டியின் பின்விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 

உச்சிக்குச் சற்று முன்னால், காற்று பனியை அரித்து வழி அகன்றிருக்கிற இடத்தில், அவன் நிறுத்தினான். நின்ற வண்டியை மெல்லத் திருப்பி, சாலைக்குக் குறுக்கே போட்டான்.

"ஏன் நிறுத்தறாரு?" என்றார் அனாரா. கேட்டுக்கொண்டே கதவுகளைப் பூட்டினார்.

அவன் இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தான். தொப்பி போடவில்லை. ஜூரா பக்கத்துக் கண்ணாடியில் விரல் கணுவால் தட்டினான். அனாரா வேண்டாம் என்று தலையாட்டினார். ஜூரா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"ஜூரா. இந்தா பாரு. எறங்கி வா. ஊரு சிரிக்குது. நான் குடிக்கறதில்ல. நீ கேட்டதத்தான செஞ்சேன்? எல்லாரும் கேட்டதத்தான செஞ்சேன்? இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவன் கை கண்ணாடியின் விளிம்பில், உள்பக்கம் விரல் தெரிய இருந்தது. ஜூரா அந்த விரல்களைப் பார்த்தாள். அவள் தோள் என் தோளோடு ஒட்டியது.

"வண்டிய நகத்து" என்றாள்.

அவனிடம் அவள் ஒருமையில் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். அவனுக்கும் அது முதல்முறையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.  கையை எடுத்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான், காற்றில் அவன் தலைமயிரில் பனித்தூள் ஏறியது. பிறகு திரும்பி நடந்தான்.

வண்டி முனகிக்கொண்டு நேராயிற்று. மிச்சத்தையும் திறந்துவிட்டான்.

ஜூரா அந்தக் குளிர்காலம் முழுக்க வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. நகரத்தில் ஒரு ரொட்டிக்கடையில் மாவுத் துண்டு போடுகிறாள். பெகாயிம் படிக்கப் போய்விட்டாள். பெய்ஷென் அனாரா சொன்ன வேறு ஒரு ஆளிடம், தனியாக, வியாழன்தோறும் போய் உட்கார்ந்தான். அங்கே என்ன பேசினான் என்று யாருக்கும் தெரியாது. குடிக்கவில்லை. ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. உச்சியில் என்னை இறக்கிவிட்டுக் கார் வளைவில் மறைந்தபோது என் கவலை வேறு. நிலக்கரி லாரி வரவில்லை. காற்று மறுபடி எழும்பியது. கீழே போக அங்கே ஒரே வண்டிதான் இருந்தது.

"ஏறுங்கக்கா" என்றான்.

ஏறினேன். பாதி இறக்கம் வந்தாயிற்று. எஞ்சின் சூடும் டீசல் நாற்றமும். ஒரு பக்கம் மலை, என் பக்கம் பனிச்சுவரைத் தாண்டினால் பள்ளம். திடீரென்று நிறுத்தினான். இருக்கைக்கு அடியில் துழாவி ஒரு பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினான். சக்கரச் சங்கிலியை அடித்து இறுக்குகிற சத்தம் கேட்டது. அடி விழும்போதெல்லாம் என் இருக்கை அதிர்ந்தது.

திரும்ப வந்து ஏறியவன், என் கையைப் பார்த்தான். அது கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. கதவு சற்றுத் திறந்தே இருந்தது. நான் திறந்தது எனக்கே தெரியவில்லை.

"நீங்களுமாக்கா?" என்றான்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா தம்பி" என்றேன்.

அவன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.  பிறகு சுத்தியலின் தலைப்பக்கத்தைத் தன் கையில் பிடித்து, பிடியை என் பக்கம் நீட்டினான்.

"இத நீங்க வெச்சுக்கங்க. கீழ போற வரைக்கும்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இரும்பு சில்லென்று பாவாடையைத் தாண்டித் தொடையில் இறங்கியது. அவன் இரண்டு கையையும் நான் பார்க்கிற மாதிரி ஸ்டியரிங்கின் மேல் வைத்து, வண்டியை மெல்ல இறக்கினான்.